அடிக்கிறவன் மகன், பொறுக்குகிறவன் அப்பன்

அமெரிக்காவில் பெண்ணைப் பெற்ற தமிழனுக்கு அரங்கேற்றச் செலவு. பையனைப் பெற்றவனுக்கு பேஸ்பால் செலவு. அரங்கேற்றமாவது ஒரே சாயங்காலத்தில் முடிந்து, ஆல்பமாகி, அலமாரி ஏறிவிடும். பேஸ்பால் அப்படியில்லை. வசந்தம் வந்து பனி உருகும்போதெல்லாம் கூடவே நம் சேமிப்பும் உருகும். பையனின் கால் வளர்ந்திருக்கும், ஷூ வளர்ந்திருக்காது. மட்டையில் உரிய முத்திரை இருக்க வேண்டும். கையுறை, ஹெல்மெட், அத்தனையையும் தூக்க ஒரு பை. எல்லாம் வாங்கி முடித்து, நியூ ஜெர்சிக் குடும்பஸ்தனான நான் மூச்சு விட்ட நேரத்தில் மகன் சொன்னான்: "அப்பா, பிட்சிங் மெஷின் ஒண்ணு வேணும்."

"ஏங்க, பந்து போடறதுதானே? நீங்க போடக் கூடாதா?" என்றாள் மனைவி.

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் சிரித்துவிட்டான். "அப்பா போட்டா பால் தரையில பட்டுத்தாம்மா வரும்."

கரூரில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்த கை இது. குத்திப் போடாமல் அதற்குப் பந்து போடத் தெரியாது. கண்ணும் அதே ஊர்தான். ஒருமுறை மெஷின் பந்து போடும் வலைக்கூண்டான பேட்டிங் கேஜில் டோக்கன் போட்டுவிட்டு நின்றவன், பந்து எப்போது தரையில் குத்தும் என்று காத்திருந்தேன். அது குத்தவே இல்லை. பின்னால் வலையில் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. டோக்கன் தீரும்வரை நான் மிகப் பொறுமையான ஆட்டக்காரனாக நின்றேன்.

ஆக, மெஷின் வந்தது. முக்காலியின்மேல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் சக்கரங்கள். அவை எதிரெதிர்த் திசையில் சுழலும். இடையில் பந்தை நுழைத்தால் கவ்வித் துப்பும். மேல் சக்கரத்தின் வேகத்தைக் கூட்டினால் பந்து முன்னோக்கி உருண்டபடி வந்து, மட்டைக்காரன் முன்னால் சட்டென்று இறங்கும். கீழ்ச் சக்கரத்தைக் கூட்டினால் பின்னோக்கிச் சுழன்று, இறங்க மறுக்கும். சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுவதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர் என்பதையெல்லாம் மனைவிக்கு விளக்கினேன். அவள் விலையைக் கேட்டாள். இயற்பியல் பாடம் அத்தோடு முடிந்தது.

பெரியவர் ஒருவர்தான் இதை இயக்க வேண்டும் என்று கையேடு கண்டிப்பாகச் சொன்னது. எங்கள் வீட்டில் பெரியவர் யார் என்று கல்யாணமானதிலிருந்து நடந்துவந்த வழக்கு அன்று ஒரு வழியாகத் தீர்ந்தது. மனைவி எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டாள்.

பெரியவரின் வேலை இது: பந்தை எடுத்து, மட்டைக்காரன் கண்ணில் படும்படி உயர்த்திக் காட்டி, அவன் தயாரானதும் குழாயில் விட வேண்டும். காட்டாமல் விட்டால் பையன் சுதாரிக்க நேரமிருக்காது. ஈரப் பந்தைச் சக்கரம் சரியாகக் கவ்வாது என்பதால், பனி விழுந்த காலைகளில் ஒவ்வொரு பந்தையும் துண்டால் துடைத்தும் தர வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பின்கட்டில் நாற்காலி போட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்டா, கற்பூரம் காட்டற மாதிரி பயபக்தியா காட்டற. அப்புறம் எதுக்குக் குழந்தை மேலயே எறியற?" என்றாள்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். அங்கே கணிதம் கற்பித்த சார்லஸ் ஹோவர்ட் ஹின்டன் 1897-இல் ஒரு பிட்சிங் மெஷின் செய்தார். அது வெடிமருந்தில் இயங்கும் பீரங்கி. குழாய் வாயில் விரல்களைப் பொருத்திப் பந்தை வளையவும் வைத்தார். நான்காம் பரிமாணத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். மூன்று பரிமாணத்தில் நின்றிருந்த மாணவர்களோ வெடிச் சத்தத்தில் மிரண்டார்கள். பிறகு 1952-இல் பால் ஜொவன்யோலி என்ற கான்சஸ்காரர் மனிதக் கையைப் போல வீசும் இரும்புக் கை ஒன்றைக் கொண்டுவந்தார். 1971-இல் ஆரெகனில் ஜான் பால்சன் சக்கர மெஷினால் வளைபந்து போட்டுக் காட்டினார். பீரங்கி, கை, சக்கரம் என்று முக்கால் நூற்றாண்டாக இத்தனை மேதைகள் யோசித்தது பந்தைப் போடுவதைப் பற்றி மட்டுமே. போட்ட பந்தைப் பொறுக்குவது யார் என்று ஒருவராவது கவலைப்பட்டிருந்தால் என் இடுப்பு இன்று என் வசம் இருந்திருக்கும்.

காசு வாங்கும் கேஜ்களில் இதற்கு வழி உண்டு. தரையைச் சரிவாக அமைத்திருப்பார்கள். அடித்த பந்து தானே உருண்டு மெஷினிடம் திரும்பிவிடும். எங்கள் தோட்டத்திலும் நல்ல சரிவு இருக்கிறது. அது பக்கத்து வீட்டை நோக்கி இருக்கிறது. அந்த வீட்டு அமெரிக்கர் தங்கமான மனிதர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "ஹாய்" என்பார். அவருடைய பூச்செடிகளுக்குள் தவழ்ந்தபடி நான் "ஸாரி" என்பேன். வருஷக்கணக்கான எங்கள் நட்பில் வேறு வசனமே கிடையாது.

அப்புறம் சென்சார் வந்தது. கட்டைவிரல் அளவுதான். மட்டைப் பிடியின் அடியில் மாட்டிவிட்டால் வீச்சின் வேகம், கோணம் எல்லாம் உடனே போனில் வந்துவிடும். பகலெல்லாம் அலுவலகத்தில் வரைபடம் பார்க்கிற எனக்கு மாலையிலும் வரைபடம். "குனிஞ்சு நிமிர்றதை எண்ற சென்சார் இல்லையாங்க? உங்களுக்கு ஒண்ணு மாட்டிவிடலாம்" என்றாள் மனைவி. அக்கறையா கிண்டலா என்று கண்டுபிடிக்கும் சென்சார் இன்னும் சந்தைக்கு வரவில்லை.

இத்தனை ஏற்பாடுகளோடு மகன் ஆட்டத்துக்குப் போனான். சின்னப் பிரிவில் ஆட்டத்திலேயே மெஷின்தான் பந்து போடும். இப்போது அவன் பிள்ளைகளே பந்து போடும் பிரிவுக்கு ஏறியிருந்தான். எதிரணியில் ஒல்லியாக ஒரு பையன். அவன் போட்டது எங்கள் மெஷினைவிட மெதுவாகத்தான் வந்தது. மகன் மூன்று முறை காற்றை அடித்துவிட்டுத் திரும்பினான். "மெஷினுக்குக் கை இல்லப்பா. இவனுக்கு இருக்கு" என்றான்.

அவன் சொன்னது பெரிய விஷயம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து மட்டைக்காரனை அடைய ஏறக்குறைய 0.4 நொடிதான். அதற்குள் பார்த்து, யோசித்து, அடிக்க நேரம் போதாது. அதனால் தேர்ந்த ஆட்டக்காரன் பந்து கிளம்பும் முன்பே அதைப் போடும் பிட்சரின் தோளையும் மணிக்கட்டையும் வைத்து ஊகித்துவிடுகிறான். அந்தத் துப்பு இல்லாவிட்டால் சூரனும் திணறுவான். 2004-இல் சாஃப்ட்பால் வீராங்கனை ஜெனி ஃபின்ச், ஆல்பர்ட் புஹோல்ஸ் உள்ளிட்ட பெரிய லீக் (மேஜர் லீக்) பேஸ்பால் சூரர்களை வரிசையாக வெளியேற்றினார். தோளுக்குக் கீழிருந்து வீசும் அந்தக் கையை அவர்கள் படித்துப் பழகவில்லை.

இதற்கும் விடை கண்டுபிடித்துவிட்டார்கள். கனடாக்காரர்கள் செய்த டிராஜெக்ட் என்ற மெஷினில் ஆளுயரத் திரை உண்டு. நாளைக்கு எதிர்கொள்ள வேண்டிய பிட்சர் அதில் வீடியோவாக வந்து கையைச் சுழற்றுவார். அவர் கை விடும் அதே இடத்திலிருந்து, அதே வேகமும் அதே சுழற்சியுமாக நிஜப் பந்து வரும். 2024 முதல் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே போய் இதில் பழகவும் பெரிய லீக் அனுமதித்துவிட்டது. அப்போது வாடகை மாதம் 15,000 டாலர் அளவில் இருந்தது. இதைச் சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொன்னேன். மகன் கண்கள் விரிந்தன. மனைவி எதுவும் சொல்லாமல் ரசப் பாத்திரத்தை எனக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தாள்.

அன்றிரவே மகன் மலிவான மாற்று ஒன்றைக் கண்டுபிடித்தான். யார் அதிகம் ஹோம் ரன் அடிக்கிறார் என்று பார்க்கும் ஹோம் ரன் டெர்பி போட்டியில் தனக்குப் பந்து போடும் ஆளை ஆட்டக்காரரே தேர்ந்துகொள்ளலாம். 2011-இல் ராபின்சன் கனோ தன் அப்பா ஹோசே போட்ட பந்துகளை அடித்து ஜெயித்தார். 2018-இல் பிரைஸ் ஹார்ப்பருக்கும் பந்து போட்டவர் அவருடைய அப்பா ரான். வாடகை இல்லை, மின்சாரம் இல்லை, தோள் உண்டு, மணிக்கட்டு உண்டு. வேண்டிய ஒரே தகுதி, சுலபமாக அடிக்கக்கூடிய பந்தாகப் போடுவது. அந்தத் தகுதி எனக்குப் பிறவியிலேயே உண்டு என்று வீடே ஒருமனதாகத் தீர்மானித்தது. குத்தாமல் போட மகனே பயிற்சி கொடுத்தான்.

இப்போது மெஷின் கராஜில் காரின் இடத்தில் இளைப்பாறுகிறது. பந்து போடுவது நான். பக்கத்து வீட்டுச் செடிக்குள் தவழ்வதும் நான். தோள் வலி தாங்காமல், பிள்ளைகள் ஆடும் லிட்டில் லீக்கின் விதிகளை எடுத்துப் படித்தேன். பத்து வயதுப் பிள்ளை ஒரு நாளில் 75 பந்துக்கு மேல் போடக் கூடாது; 66 பந்து போட்டாலே நான்கு நாள் ஓய்வு கட்டாயம். எந்தெந்த வயதுக்கு எத்தனை பந்து என்று பதின்ம வயதுவரை கருணையோடு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேற்பட்டவர்கள் கேட்பாரற்றவர்கள். இதை மகனிடம் காட்டினேன். அவன் பட்டியலைக் கவனமாகப் படித்து முடித்துவிட்டு, "அப்போ உனக்கு லிமிட்டே இல்லப்பா!" என்று சந்தோஷமாகப் பந்து வாளியை நீட்டினான்.