சாய்வு பூஜ்யம் ஆனால் போதுமா?

கேள்வி: "இந்த இடத்தில் சார்புக்குப் பெருமமோ சிறுமமோ உண்டு, மாறிலிகளைக் காண்க" என்றது கணக்கு. வகைக்கெழுவைப் பூஜ்யமாக்கினேன், இரண்டு விடை வந்தது. புத்தகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. என் இன்னொரு விடையைத் திருடியது யார்?

பதில்: யாரும் திருடவில்லை, அது உங்கள் கைக்கு விடையாக வந்து சேரவே இல்லை. ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். மாறி ய, தெரியாத மாறிலிகள் க, ச. சார்பு ய³ + கய² + சய + க². ய = 2 என்ற இடத்தில் இதற்குப் பெருமமோ சிறுமமோ இருக்கிறது, அங்கே மதிப்பு 44 என்கிறார்கள். மதிப்பைச் சொன்னதால் 8 + 4க + 2ச + க² = 44. அங்கே சாய்வு பூஜ்யம் என்பதால் 12 + 4க + ச = 0. இரண்டாவதிலிருந்து ச-வை எடுத்து முதலாவதில் போட்டால் க² − 4க − 60 = 0. ஆக க = 10, ச = −52; அல்லது க = −6, ச = 12. பெரும்பாலானவர்கள் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். ஆனால் அக்கம்பக்கம் பாருங்கள். முதல் ஜோடியில் ய = 1, 2, 3 என்று போட்டால் சார்பின் மதிப்பு 59, 44, 61. இறங்கி வந்து ஏறுகிறது, சிறுமம்தான். இரண்டாவது ஜோடியில் 43, 44, 45. ஏறிக்கொண்டே போகிறது, பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. காரணம் வகைக்கெழுவிலேயே தெரிகிறது. முதலாவதற்கு அது (3ய + 26)(ய − 2); ய = 2-ஐத் தாண்டும்போது எதிர்க்குறி நேர்க்குறியாகிறது. இரண்டாவதற்கு அது 3(ய − 2)²; வர்க்கம் குறி மாறாது. சாய்வு ஒரு கணம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் பழைய வழியிலேயே தொடர்கிறது. அது வளைவு மாற்றப் புள்ளி. பால் வெள்ளைதான், ஆனால் வெளுத்ததெல்லாம் பாலா?

கேள்வி: பெருமமோ சிறுமமோ இருக்கிறது என்று கேள்வித்தாளே உறுதி கொடுத்துவிட்டது. அதை நான் ஏன் மறுபடி சோதிக்க வேண்டும்? கேள்வித்தாளை நம்பக் கூடாதா?

பதில்: நம்புங்கள், ஆனால் முழுதாக நம்புங்கள். அந்த உறுதியில் இரண்டு பகுதி உண்டு: அந்த இடத்தில் சாய்வு பூஜ்யம், அங்கே சார்பு திசை திரும்புகிறது. நீங்கள் எழுதிய சமன்பாட்டில் முதல் பகுதி மட்டுமே ஏறியிருக்கிறது. திரும்புகிறது என்பதைச் சமன்பாடாக எழுத முடியாததால் அது கணக்குக்கு வெளியே நிற்கிறது. அதனால்தான் பொருந்தாத ஜோடியும் உள்ளே வந்துவிடுகிறது. கடைசியில் குறி மாற்றத்தைப் பார்ப்பது, கேள்வித்தாள் கொடுத்த உறுதியில் மீதி இருந்த பாதியைப் பயன்படுத்துவது. அதைச் சந்தேகம் என்று நினைக்க வேண்டியதில்லை. வரலாறும் இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. உச்சத்துக்கு அருகில் மாற்றம் மிக மெதுவாகிவிடுகிறது என்பதைக் கெப்ளர் 1615-இல் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றிய நூலில் கவனித்து எழுதினார். 1630-களில் ஃபெர்மா அதை ஒரு முறையாகவே ஆக்கினார். நியூட்டனும் லைப்னிட்ஸும் வகைக்கெழுவை வகுத்துத் தந்தது அதன் பிறகுதான். ஆனால் ஃபெர்மாவின் முறையும் ஒருவழிப் பாதைதான். உச்சமென்றால் அங்கே சாய்வு பூஜ்யமாகும் என்று சொல்லும். இது நடந்தால் உச்சம் என்று சொல்லாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் சொல்லிக்கொடுப்பது மாணவருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இரண்டாம் வகைக்கெழுவைப் போட்டால் ஒரே வரியில் முடிந்துவிடுமே?

பதில்: பாதி நேரம் முடியும். நம் கணக்கில் அது 6ய + 2க. க = 10 என்றால் ய = 2-இல் 32; நேர்க்குறி, சிறுமம், முடிந்தது. க = −6 என்றால் 0. பூஜ்யம் வந்தால் இந்தச் சோதனைக்குச் சொல்ல எதுவும் இல்லை. முப்படிச் சார்பில் அந்த இடத்தைத் தள்ளிவிட்டாலும் தவறு வராது. ஆனால் அதே பழக்கத்தோடு ய⁴-க்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்: ய = 0-வில் அதன் இரண்டாம் வகைக்கெழு பூஜ்யம், ஆனாலும் அங்கே சிறுமம் இருக்கிறது. இருபுறமும் முதல் வகைக்கெழுவின் குறியைப் பார்ப்பதே எங்கும் கைகொடுக்கும்.

கேள்வி: தேர்வுக்கு வெளியே இதை யாராவது செய்கிறார்களா?

பதில்: இயற்பியலில் இது அன்றாட வேலை. இரண்டு ஆர்கான் அணுக்கள் நெருங்கும்போது அவற்றுக்கிடையே உள்ள நிலையாற்றலை லெனார்ட்-ஜோன்ஸ் சார்பால் எழுதுவார்கள். ஒரு மாறிலியைத் தூரத்தின் 12-ஆம் படியால் வகுத்து, அதிலிருந்து இன்னொரு மாறிலியை 6-ஆம் படியால் வகுத்துக் கழிப்பது. இரண்டு மாறிலிகளையும் எந்தக் கருவியாலும் நேரடியாக அளக்க முடியாது. ஆனால் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் தூரமும், அங்கே பள்ளத்தின் ஆழமும் சோதனைகளிலிருந்து கிடைக்கும்; ஆர்கானுக்கு அந்தத் தூரம் சுமார் 3.8 ஆங்ஸ்ட்ராம். அங்கே சாய்வு பூஜ்யம், மதிப்பு இவ்வளவு என்று எழுதினால் முதல் மாறிலி, ஆழத்தைத் தூரத்தின் 12-ஆம் படியால் பெருக்கியது. இரண்டாவது, ஆழத்தின் இரு மடங்கை 6-ஆம் படியால் பெருக்கியது. உங்கள் பிளஸ் டூ கணக்கும் இதுவும் ஒன்றே. இங்கேயும் குறியைப் பார்த்தாக வேண்டும். இரண்டு மாறிலிகளும் நேர்க்குறி என்பதால் ஆற்றல் இறங்கி வந்து, திரும்பி ஏறுகிறது. அந்த இடம் பள்ளமாக இல்லாமல் மேடாக இருந்திருந்தால் அணுக்கள் அங்கே தங்கியிருக்காது.

ஆகவே மாணவர்களே, மாறிலிகளைக் கண்டுபிடித்ததும் வகைக்கெழுவைக் காரணிப்படுத்தி, குறி மாறுவதைக் காட்டும் அந்த ஒரு வரியை விடைத்தாளில் கட்டாயம் எழுதுங்கள். ஆசிரியர்களே, அந்த வரிக்கென்று தனியாக ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள்.