கால் மட்டும் நனைத்தல்: கடலோரக் குடும்ப விடுமுறை குறித்து ஒரு பன்முகப் பார்வை

முன்னுரை

தமிழர் வாழ்வும் கடலும் பிரிக்க முடியாதவை. (இப்படித் தொடங்காத கட்டுரையைக் கருத்தரங்குகள் வாங்கிக்கொள்வதில்லை.) ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத தமிழ்நாட்டுக் கடற்கரையின் துறைமுகங்கள், மீன்பாடு, உப்பளம், புயல் ஆகியவை பற்றியெல்லாம் அறிஞர்கள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் சென்னையில் சொந்த வீடு இருக்கும் ஒரு குடும்பம், அதே சென்னையை ஒட்டிய கடற்கரையில் காசு கொடுத்து அறை எடுத்து, பிள்ளைகளோடு இரண்டு இரவு தங்கத் திட்டமிடும் பெருநிகழ்வு குறித்து மட்டும் ஆய்வுலகம் வாய் திறக்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் முதன்மை நோக்கம். பதவி உயர்வுக்குக் குறையும் சில புள்ளிகளை ஈட்டுவது துணை நோக்கம்.

ஆய்வு எல்லையும் ஆதாரங்களும்

வடக்கே மெரினா, தெற்கே மாமல்லபுரம், கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பழைய மாமல்லபுரம் சாலை. முதன்மை ஆதாரங்கள்: குடும்ப வாட்ஸ்அப் குழு, நாட்காட்டித் தாளின் பின்பக்கம், அறை ரசீது. துணைமை ஆதாரம்: பாட்டி. இந்த வரிசையைப் பாட்டி ஏற்கவில்லை என்பதையும் நேர்மை கருதிப் பதிவுசெய்கிறேன்.

கருதுகோள்

கடற்கரை விடுமுறைத் திட்டம் என்பது கடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றியது. துறையின் மரபை மதித்து, முடிவுரையை எழுதி முடித்த பிறகே இக்கருதுகோள் வகுக்கப்பட்டது.

இயல் 1: முன்னோர் கருத்து

தொல்காப்பிய நெறிப்படி கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். தெய்வம் வருணன். சிறுபொழுது, வெயில் சாயும் எற்பாடு. உரிப்பொருள் இரங்கல். தலைவனைப் பிரிந்த தலைவி கரையில் நின்று வருந்துவதாகவே உரைகள் இதை விரித்துச் செல்கின்றன. இக்கட்டுரையாளர் பணிவோடு மாறுபடுகிறார். மாலை ஆறு மணிக்கு “போதும், வா” என்று தண்ணீரிலிருந்து தூக்கிவரப்படும் ஐந்து வயதுக் குழந்தையைக் கவனியுங்கள். இடம் பொருந்துகிறது, பொழுது பொருந்துகிறது, இரங்கல் அரை கிலோமீட்டருக்குக் கேட்கிறது. தலைவியின் அழுகைக்கு ஏடுதான் சான்று. குழந்தையின் அழுகையை எந்த ஞாயிற்றுக்கிழமையும் நேரில் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி எதிர்க்கட்சி. “வீட்ட வச்சிக்கிட்டு எதுக்குடா ரூமுக்குக் காசு அழுவுற?” (பாட்டி, நேரில்). இக்கேள்விக்கு விடைதேடிப் பொருளாதாரம், உளவியல், சூழலியல் ஆகிய துறைகளை அலச எண்ணியிருந்தேன். அதற்குள், “அங்க பாத்திரம் கழுவ வேணாம் அத்தை” என்று ஒரு மறுப்பு வெளியாயிற்று (மருமகள், அதே இடம், சற்றே தாழ்ந்த குரலில்). விவாதம் அத்தோடு முடிந்தது.

இயல் 2: இடவியல்

மெரினா. 1880களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் இங்கே உலாவும் பாதை அமைத்தார். அப்போது கடல் இன்னும் பக்கத்தில் இருந்தது. வடக்கே துறைமுகத்தின் கற்சுவர்கள் எழுந்ததும், ஆண்டின் பெரும்பகுதி கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே முட்டித் தேங்கியது. மெரினா அகன்றது. சுவருக்கு அப்பால் ராயபுரம் பக்கம் மணல்வரத்து குன்றிக் கரை அரிபட்டது. கடற்பொறியியலார் இவ்வளவும் சொல்லிவிட்டு, முக்கியமானதை விட்டுவிட்டார்கள்: சாலையிலிருந்து தண்ணீர் வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தூரம் கூடிவிட்டது. அந்தத் தூரத்தில் சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுதல், குதிரை, ராட்டினம் என ஐந்து சுங்கச்சாவடிகள். ஐந்தையும் கட்டணமின்றிக் கடந்த தந்தை ஒருவரையும் களஆய்வில் காண முடியவில்லை.

பெசன்ட் நகர். வண்டி நிறுத்த இடம் கிடைத்தவர் எழுத வேண்டிய பகுதி இது.

கோவளம். 2021இல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்ற கடற்கரை. சான்றிதழ் இருப்பதால் கல்வியாளர்களுக்கு உகந்தது.

மாமல்லபுரம். கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்மன் காலத்தது. 1984 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இவ்வூர்ச் சின்னங்கள் உள்ளன. பிள்ளைகள் பார்க்க விரும்புவது கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்னும் பாறையை. அதிலும் பாறையை அல்ல, அது நிற்கும் சரிவை, சறுக்குவதற்காக. பல்லவர் கலை குறித்து அவர்கள் எழுப்பிய ஒரே ஆய்வு வினா: “இது எப்பப்பா உருளும்?”

மாற்று ஏற்பாடுகள். மழையோ வெயிலோ கடலை மறுத்தால் வடநெம்மேலி முதலைப் பண்ணையும் முட்டுக்காடு தட்சிணசித்ராவும் உள்ளன. முன்னதற்குத் திங்கள் விடுமுறை, பின்னதற்குச் செவ்வாய். அறை வாடகை குறையும் நாள்களும் அவைதாம். இது தற்செயலா என்பது தனி முனைவர் பட்டத்துக்கு உரிய பொருள்.

இயல் 3: காலவியல்

பள்ளி விடுமுறை மே மாதத்தில். கத்திரி வெயிலும் மே மாதத்தில். நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் தரைக்காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று நண்பகலையொட்டி உள்ளே வரும். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் அது பிந்தும். அதுவரை “கடல் பக்கத்துலதானே இருக்கோம், ஏன் இப்படி வேகுது?” என்று கேட்டுக்கொண்டிருப்பது குடும்ப வழக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரியில் காணும் பொங்கலன்று மெரினாவில் பிள்ளைகள் தொலைந்துபோகாமல் இருக்க, பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் காவல்துறையினர் அவர்கள் கையில் கட்டிவிடுகிறார்கள். அன்று போவது பற்றிக் கட்டுரையாளர் கருத்துக் கூற விரும்பவில்லை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை இக்கரைக்குப் பங்குனி ஆமை வருகிறது. இரவில் கரையேறி, குழி பறித்து, நூறு முட்டை அளவில் இட்டு, மணலை மூடிவிட்டு, திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடுகிறது. பிள்ளைகள் காரணமாகக் கடற்கரைக்கு வந்து நிம்மதியாகத் திரும்பும் ஒரே தாய் அதுதான்.

இயல் 4: சுவடியியல்

எடுத்துச் செல்லவேண்டிய பொருள்களின் பட்டியல், தினசரி நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்ட ஒற்றைச் சுவடியாகக் கிடைத்துள்ளது. வலப்பக்கம் சாம்பார் பட்டு ஓரிரு வரிகள் சிதைந்துள்ளன. மூன்று கைகள் தெளிவாகத் தெரிகின்றன. நீலமைக் கை மூல ஆசிரியருடையது (அம்மா). பென்சில் கை உரையாசிரியருடையது (பாட்டி). கிரேயான் கை பிற்காலத்தது. மூலத்தில் “துண்டு 4” என்றிருப்பதைப் பென்சில் கை 6 ஆக்குகிறது. கிரேயான் கை “டைனசர்” என்று எழுதி, படிப்பவர் ஐயுறாவண்ணம் படமும் வரைந்திருக்கிறது.

“இட்லிப் பொடி, நல்லெண்ணெய் தனியா” என்னும் வரி இடைச்செருகல் என்பது என் துணிபு. அறை வாடகையில் காலை உணவும் சேர்த்தி என்பதால் மூல ஆசிரியர் இதை எழுதியிருக்க இயலாது. மேலும், நமக்குப் பிடிக்காத வரி இடைச்செருகல், பிடித்த வரி பாடவேறுபாடு என்னும் நெறி பதிப்புலகில் நெடுங்காலமாக நிலைபெற்றது. ஆயினும் இரண்டாம் நாள் காலையில் குடும்பத்தைக் காத்தது அந்த இட்லிப் பொடியே என்றொரு செவிவழிச் செய்தி உண்டு (பாட்டி, மேலது, பல பதிப்புகள்).

சுவடியில் பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி ஆளுக்கு ஒரு செட் குறிக்கப்பட்டிருக்கிறது. பெரியவர்களின் மாற்றுத்துணி பற்றி மூன்று கைகளில் எதுவும் பேசவில்லை. இந்த மௌனத்தை வாசகர் நினைவில் வைக்க.

இயல் 5: நனைதல் கோட்பாடு

“கால் மட்டும் நனைச்சுக்கிறேம்ப்பா.”

இவ்வொரு வரியே இத்துறையின் மூல சூத்திரம். இதற்கு நான்கு உரைமரபுகள் உள்ளன. முதலாவது கணுக்கால் மரபு. கடல்தண்ணீர் கணுக்காலுக்கு மேலே ஏறினால் சளி பிடிக்கும் என்பது இதன் அடிப்படை (பாட்டி, நேரில்). இரண்டாவது முழங்கால் மரபு. பேன்ட்டை எதுவரை மடிக்க முடியுமோ அதுவரை அனுமதி (அம்மா, மணலில் நின்றபடி). மூன்றாவது இடுப்பு மரபு. “நாங்கல்லாம் அந்தக் காலத்துல நீந்தியே போவோம்” என்பது இதன் பாயிரம் (சித்தப்பா, இவர் சட்டைப் பையில் கைபேசி இருப்பதால் கரையை விட்டு இறங்குவதில்லை). நான்காவது நனையாமை மரபு. செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து எல்லோருடைய செருப்புகளையும் காவல் காப்பது (தாத்தா, கருத்துத் தெரிவிக்கவில்லை).

நான்கும் ஒரு பொது வழுவுடையவை. சூத்திரத்தில் எவருடைய கால் என்று சொல்லப்படவில்லை. தந்தை தம் முழங்காலைத் தொட்டுக் காட்டி “இதுவரைக்கும்தான்” என்கிறார். அதே உயரம் நான்கு வயதுக்காரருக்கு இடுப்பு. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே ஒரு தரப்பு பாதி நனைந்துவிடுகிறது.

அலை பற்றிய அறிவும் போதாது. கடலில் வெவ்வேறு நீளமுள்ள அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருகின்றன. முகடும் முகடும் சேர்ந்தால் பேரலை, முகடும் பள்ளமும் சேர்ந்தால் சிற்றலை. ஆகவே பெரியவை கூட்டமாகவும், நடுவே சிறியவை கூட்டமாகவும் வரும். பெற்றோர் எல்லைக்கோடு வகுப்பது எப்போதும் சிற்றலைக் காலத்தில். போதாததற்கு, பின்வாங்கும் நீர் குதிகாலுக்கு அடியிலுள்ள மணலை அரித்துக்கொண்டு போகிறது. தண்ணீர் ஏறுகிறது, பிள்ளை இறங்குகிறது. கோடு மட்டும் தந்தையின் மனத்தில் அசையாமல் நிற்கிறது.

பெரியப்பாவின் கொள்கைப்படி ஏழாவது அலைதான் பெரிது (குடும்ப வாட்ஸ்அப் குழு, காலை வணக்க ரோஜாவுக்கு அடுத்த பதிவு, பலமுறை பகிரப்பட்டது என்னும் முத்திரையுடன், மூலநூல் கிட்டவில்லை, மூலம் எங்கே என்று கேட்ட மருமகன் அன்று மாலைவரை குழுவில் இல்லை). இதைச் சோதிக்க எண்ணத் தொடங்கிய பெரியப்பாவை மூன்றாவது அலை தள்ளியது. எண்ணிக்கை எந்த அலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது முந்தைய பகிர்வில் விடுபட்டுப்போனதாக அவர் விளக்கமளித்தார் (அதே குழு, குரல்பதிவு, பின்னணியில் சிரிப்பொலி, சிரித்தவர் யாரென்று பெரியம்மா வெளியிடவில்லை).

நனைதல் நான்கு நிலைகளில் முற்றுப்பெறும். ஒன்று, கால். இரண்டு, துணியின் விளிம்பு. மூன்று, “விழுந்துட்டேன்.” நான்கு, “ஏற்கெனவே நனைஞ்சாச்சில்ல?” இந்த நான்காம் நிலை வாதத்துக்குத் தருக்க நூலார் எவரிடமும் மறுப்பு இல்லை. முழுக்க நனைந்தவரை மேலும் நனைய வேண்டாம் என்று தடுப்பதற்கு என்ன முகாந்திரம்? மறுக்க இறங்கிய அம்மாவும் அப்பாவும் அடுத்த அலையில் உடுத்த உடையோடு நான்காம் நிலை எய்தினர். “வுடுங்க, கொழந்தங்கதானே” (ஐஸ்கிரீம் வண்டிக்காரர், வண்டிமணி வெளியீடு, இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பில் “வுடுங்க சார்” என்றிருந்தது, இரண்டாம் பதிப்புக்குள் சாரின் கோலம் மாறிவிட்டபடியால் அச்சொல் நீக்கப்பட்டதெனக் கருத இடமுண்டு).

இங்கே மட்டும் ஆய்வு நடையைக் கழற்றி வைக்கிறேன். சென்னைக் கடல் விளையாட்டுக்கு உடன்படும் கடல் அல்ல. சரிவு சட்டென்று ஆழமாகும், உள்ளிழுக்கும் நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோகும். பெசன்ட் நகர் மணலில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930இல் பிறரைக் காப்பாற்றப் போய் மூழ்கிய ஷ்மிட் என்னும் டேனிஷ்காரரின் நினைவுச்சின்னம். கணுக்கால் மரபோ முழங்கால் மரபோ, பிள்ளையின் கை பெரியவர் கையில் இருக்கட்டும். மீண்டும் ஆய்வுக்கு வருவோம்.

இயல் 6: மணல்

எங்கும் உளது.

இயல் 7: உணவு

பிள்ளைக்குப் பசிக்கும் நேரமும் அறைவிடுதியின் சமையலறை மூடும் நேரமும் ஒன்று.

மேலாய்வுக் களங்கள்

இவ்வாய்வின் அடியொற்றி, “குளியலறைச் சல்லடையில் கடற்கரை மணல்”, “ஒற்றைச் செருப்பு: ஒரு சமூகவியல் நோக்கு”, “திரும்பும் வழியில் தூக்கம்: முட்டுக்காடு முதல் திருவான்மியூர் வரை” ஆகிய தலைப்புகளில் ஆய்வாளர்கள் முயலலாம். பதிவுக் கட்டணம் செலுத்தினால் எல்லாக் கட்டுரைகளும் ஆய்வுக்கோவையில் இடம்பெறும், படிக்கப்படாமலே. மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் தோன்றி “கேக்குதா?” என்று கேட்டுவிட்டால் கருத்தரங்கு பன்னாட்டுத் தகுதி பெற்றுவிடும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படுவன: அறையை, நாளை, வழியை, வெயிலை, துண்டின் எண்ணிக்கையை எல்லாம் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். பிள்ளைகளுக்கு வேண்டியிருப்பது தண்ணீரும் மணலும் மட்டுமே. அவை இரண்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை, எவருடைய திட்டத்துக்கும் காத்திருக்கவும் இல்லை. ஆகவே கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. எல்லாக் கருதுகோள்களும் அப்படித்தான்.

திட்டமிடுவோருக்கு நடைமுறைப் பரிந்துரை ஒன்றே. மாற்றுத்துணி பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு செட், கார் இருக்கையில் விரிக்க ஒரு பழைய பெட்ஷீட், உங்களுக்கும் ஒரு செட். நனையமாட்டேன் என்று வாதிட வேண்டாம், எடுத்து வையுங்கள்.