முப்புள்ளி நீக்கம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கத் தொல்காப்பியர் விதி செய்தார். வைத்த புள்ளியை எடுக்க விதி செய்தது இந்தியக் கம்பெனிச் சட்டம்.

சான்று, கொல்கத்தாவின் ஐ.டி.சி. 1910-இல் 'இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா' என்று பிறந்தது. 1970-இல் இம்பீரியலை உதறி 'இந்தியா டொபாக்கோ கம்பெனி' ஆனது. 1974-இல் மூன்றெழுத்தும் மூன்று புள்ளியுமாகச் சுருங்கியது. 2001 செப்டம்பர் 18 முதல் அந்தப் புள்ளிகளும் போயின. சாம்ராஜ்யம் போயிற்று, புகையிலை போயிற்று (பெயரிலிருந்து மட்டும், பெட்டிக்கடையில் சிகரெட் தாராளமாகக் கிடைக்கிறது).

பெயர் மாற்றத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எதிர்த்து விழும் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஆதரவாக மூன்றாவது விழ வேண்டும். புள்ளியும் மூன்று, ஓட்டும் மூன்று! தற்செயல் என்பார் உளர்; ஆய்வுலகம் அவர்களைப் பொருட்படுத்துவதில்லை.

பிறகு அரசின் ஒப்புதல். இங்கேதான் சிக்கல். இரண்டு கம்பெனிகளின் பெயர் ஒத்திருக்கிறதா என்று பார்க்கும்போது நிறுத்தற்குறி, இடைவெளி, ஒருமை பன்மை, எழுத்துப்பிழை எதையும் கணக்கில் கொள்ளக் கூடாது என்கின்றன இன்றைய விதிகள். அடுத்தவர் பெயரில் ஒரு புள்ளியை எடுத்துவிட்டு நமக்குக் கேட்டால், 'இரண்டும் ஒன்றுதானே' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொந்தப் பெயரில் எடுக்கவோ பங்குதாரர்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். எண்கணித ஜோசியர் சேர்க்கச் சொல்லும் கூடுதல் 'ஏ'-வுக்கும் இதே கதிதான்.

மாறிய பின்னும் பழைய பெயர் லேசில் விடாது. போர்டு, லெட்டர்ஹெட், பில் எல்லாவற்றிலும் இரண்டு ஆண்டுகளுக்கு அதையும் சேர்த்துப் போட வேண்டும். 2025 மார்ச்சில் 'எடர்னல்' ஆகிவிட்ட ஜொமாட்டோவுக்கும் இதே விதிதான், நித்தியத்துக்கும் விலக்கில்லை.

சண்டிக் கம்பெனிகளுக்குத் தனி வைத்தியம். பிறர் பெயரை ஒத்த பெயரை மாற்றும்படி உத்தரவு வந்தும் மூன்று மாதத்துக்குள் மாற்றாவிட்டால், அரசே பெயர் சூட்டிவிடும். 2021 செப்டம்பரில் வந்த விதி இது. சூட்டும் பெயர் 'ஓஆர்டிஎன்சி'. மண்டல இயக்குநரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம். வாலாக ஆண்டு, வரிசை எண், கம்பெனியின் அடையாள எண். வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்வதற்குச் சட்டத்தில் இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

பெயர் மாறினால் கடன் தீருமா? தீராது, வழக்கும் தொடரும். பதிவாளரின் புதுச் சான்றிதழ் வரும்வரை பழைய பெயர்தான் பெயர். எனவே போர்டு எழுதுபவருக்கு அட்வான்ஸ் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.