கிடாரியைக் காட்டுதல்: ஒரு வினைச்சொல் ஆராய்ச்சி

‘காட்டு’ என்ற வினைச்சொல்லை வைத்து இன்னும் யாரும் முனைவர் பட்டம் வாங்காதது ஆச்சரியம்தான். சாமிக்குச் சூடம் காட்டுகிறோம். டாக்டரிடம் நாக்கைக் காட்டுகிறோம். மேலதிகாரியிடம் பல்லைக் காட்டுகிறோம். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறோம். மாடு சில சமயம் நமக்கே தண்ணி காட்டிவிட்டு வேலி தாண்டிப் போய்விடுகிறது. மாட்டையே காட்டுவது என்று ஒன்று உண்டா, உண்டெனில் யாருக்கு, எதற்கு, எப்படி என்பவை இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள்.

ஆய்வுக் களம்: காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தொழுவம். காலம்: கால்நடை முகாமில் சிறந்த கிடாரிக் கன்றுகளுக்குப் பரிசு உண்டு என்று பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டிய நாள் முதல் இருபத்தொரு நாள். ஆய்வுப் பொருள்: செம்பி, பதினெட்டு மாதக் காங்கேயம் கிடாரி. ஆய்வாளர்: நான். நெறியாளர்: எங்கள் அப்பாரு, வயது எண்பத்திரண்டு. நெறியாளருக்கும் ஆய்வுப் பொருளுக்கும் நல்ல பழக்கம் உண்டு. ஆய்வாளருக்கும் ஆய்வுப் பொருளுக்கும் அப்படி ஒன்றும் இல்லை. இது முடிவுகளைப் பாதித்திருக்கலாம்.

முதலில் பெயராய்வு. செம்பி செம்பு நிறமில்லை, நல்ல மயிலை. காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது செந்நிறமாகவே பிறக்கும். ஆறு மாதம் போனால் சிவப்பு கரைந்து சாம்பல் ஏறும். பிறந்த அன்றே பெயர் வைக்கிற அவசரக் குடும்பங்களில் இப்படித்தான் பெயர் ஒரு பக்கமும் மாடு ஒரு பக்கமும் நிற்கும். திணை பற்றியும் ஒரு வார்த்தை: கட்டுரையில் அது அஃறிணை. தொழுவத்தில் அம்மாவின் காதுபட ‘அது’ என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஏன் கிடாரி? 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியதிலிருந்து காங்கேயம் என்ற பெயர் தெரியாத ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு டி-சர்ட்டில் ஏறியதெல்லாம் காளை. திமிலும் கொம்புமாகப் பாய்கிற காளை. கிடாரியை நான் எந்த டி-சர்ட்டிலும் பார்க்கவில்லை. அந்தக் காளைகளையெல்லாம் பெற்றது யார் என்று கேட்க ஆளில்லை. இந்தத் துறையில் இடைவெளி இருக்கிறது என்பது ஆய்வேட்டில் எழுத வேண்டிய கட்டாய வாக்கியம், எழுதிவிட்டேன்.

கிடாரியை முகாமில் காட்டலாம் என்ற கருதுகோளைச் சொன்னவுடனே நெறியாளர் அதை மறுத்தார். “விக்காத மாட்டை எதுக்குக் கண்ணு ஊருக்குக் காட்டறது?”

இந்த வினாவை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் காலத்தில் மாட்டைக் காட்டுவதென்றால் தாவணிக்கு ஓட்டிக்கொண்டு போவது. சித்திரையில் கண்ணபுரம் தேர், அதையொட்டி மாட்டுத்தாவணி. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா, அங்கே மாட்டோடு குதிரையும். தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கிற நீளக் கயிறு. கயிற்றின் பெயர் சந்தைக்கு ஆகிவந்தது. மதுரைக்காரருக்கு மாட்டுத்தாவணி என்றால் பஸ் ஸ்டாண்டு. பெண் பிள்ளைகள் பாவாடைக்கு மேல் போடும் தாவணிக்கும் இதற்கும் உறவுண்டா என்பதைச் சொற்பிறப்பியலார் பார்த்துக்கொள்ளட்டும். “செம்பிக்குத் தாவணி போடற வயசு வந்திருச்சு” என்று அம்மா மட்டும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாள்.

தாவணியில் மாட்டை எல்லோரும் பார்க்கலாம். விலையை யாரும் பார்க்க முடியாது. தரகர் தோளிலிருந்து துண்டை எடுத்து, விற்கிறவர் கை மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடிப்பார். இத்தனை விரல் இத்தனை ஆயிரம். வெளியே வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். உள்ளே விரல் ஏறும், இறங்கும். இந்தக் கணக்கில் பார்த்தால், விலையே இல்லாமல் மாட்டை மட்டும் காட்டுவது துண்டில்லாமல் கையைப் பிடிப்பது போல. நெறியாளர் மறுப்பின் நியாயம் அதுதான். ஆய்வாளர் பதில் சொல்ல முடியாமல், நெறியாளரை மீறி ஆய்வைத் தொடர்ந்தார். பல்கலைக்கழகங்களில் இதற்கு அனுமதியில்லை.

இனி ஆய்வின் நடுப்பகுதி. கிடாரிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒரே ஒரு வித்தை: நிற்பது. இதைப் படிக்கிறவர் சிரிக்கலாம். மாடு நாள் முழுக்க நின்றுகொண்டுதானே இருக்கிறது, அதற்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தானாக நிற்பது வேறு, நிற்கச் சொல்லி நிற்பது வேறு. முன்னது மாட்டின் இயல்பு. பின்னது மாட்டுக்கு அவமானம்.

முதல் நாள் தலைக்கயிறு மாட்டிக் கொறங்காட்டுக்கு ஓட்டிப்போனேன். எங்கள் பக்கம் கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமுமாக விட்டிருக்கும் மேய்ச்சல் நிலம் அது. செம்பி பிறந்தது முதல் மேய்கிற இடம். அங்கே கயிறு இல்லாமல் நாள்தோறும் வருகிற கிடாரி, கயிறு கட்டியதும் நான்கு கால்களையும் நட்டுக்கொண்டது. இழுத்தேன். கழுத்து நீண்டது, கால் வரவில்லை. கயிற்றைத் தளர்த்தினேன். வந்தது, வந்த வேகத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு வேலியோரம் வரை போனது. கிளுவை முள் எப்படியிருக்கும் என்பதை ஆய்வாளர் கள ஆய்வில் நேரடியாக அறிந்தார்.

ஐந்தாம் நாள் நடந்தது. எட்டாம் நாள் நின்றது, ஆனால் என் காலின் மேல். பத்தாம் நாள் நெறியாளர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். “அவ நிக்கறா. நீதான் ஆடறே” என்றார். பிறகு எழுந்து வந்து கயிற்றை வாங்கினார். வாங்கிய கையோடு அதைப் பற்றி மறந்துவிட்டது போல வேறு பக்கம் பார்த்து, அலைதாடியின் அடியில் இரண்டு விரலால் சொறிந்துகொடுத்தார். செம்பியின் கண் பாதி மூடியது, காது தொங்கியது. முன்கால் இரண்டும் தாமாக நேராயின. “கயித்தப் புடிக்கப்படாது கண்ணு. கயிறு கையில இருக்கோணும், அவ்வளவுதான்.” இதை நூற்பாவாக எழுதலாம் என்று முயன்றேன். சீர் தட்டியது. விட்டுவிட்டேன்.

அளவையியல் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தராசு இல்லாத ஊரில் மாட்டின் எடையைக் கணக்கிட ஷேஃபர் சூத்திரம் இருக்கிறது: நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் பவுண்டில் எடை. டெய்லர் டேப்பால் அளந்தேன். சுற்றளவு 50, நீளம் 42. எடை 350 பவுண்டு, அதாவது 159 கிலோ. சரிபார்க்க இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அளந்தேன். செம்பி மூச்சை இழுத்துக்கொண்டு வயிற்றை உப்பிக் காட்டியது. சுற்றளவு 54. எடை 185 கிலோ. இரண்டு நிமிடத்தில் 26 கிலோ ஏறிய கிடாரி உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும். எந்த எண்ணை எழுதுவது என்று நெறியாளரைக் கேட்டேன். “விக்கறதுன்னா பெரிசு. வாங்கறதுன்னா சின்னது. காட்டறதுக்கு என்னமோ எழுதிக்கோ.”

அடுத்தது சுழி. இதில் நெறியாளர்தான் பேரறிஞர். ராஜ சுழி, லட்சுமி சுழி, விபூதி சுழி, ஏறுபூரான், இறங்குபூரான், பாடைகட்டி, குடைமேல்குடை என்று மயிர் சுழன்ற இடத்துக்கெல்லாம் பெயரும் பலனும் வைத்திருக்கிறது இந்தச் சாஸ்திரம். பூரான் ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. மாடு திரும்பி நின்றால் ஏறுகிற பூரான் இறங்குகிறதே என்று கேட்டேன். அப்பாரு அன்று மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. முகாமுக்கு முன்னேற்பாடாக வந்த கால்நடை உதவியாளரிடம் சுழிக்கு எத்தனை மார்க் என்று விசாரித்தேன். “சுழிக்கு மார்க் இல்லைங்க. கம்மல் இருக்குதுங்களா?” என்றார். காதில் மாட்டும் மஞ்சள் வில்லையைத்தான் கேட்டார். அதில் பன்னிரண்டு இலக்க எண். ஆதாரில் எனக்கும் பன்னிரண்டு இலக்கம்தான். செம்பியினுடையது காதிலேயே இருப்பதால் ஜெராக்ஸ் எடுக்க வேண்டியதில்லை.

அழகுக் கலைக்கு அம்மா பொறுப்பு. காங்கேயத்துக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம் இயற்கையாகவே உண்டு, மை எழுதினாற்போல. அம்மா அதன்மேல் மையும் எழுதினாள். நல்லெண்ணெய் தொட்டுக் கொம்பைத் துடைத்தாள். சீயக்காயா ஷாம்புவா என்ற விவாதம் இரண்டு நாள் நடந்தது, சீயக்காய் வென்றது. முந்தின நாள் சாயங்காலம் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுச் சோளத்தட்டு பரப்பி, அதன்மேல் கட்டினோம். மயிலை நிறத்துக்கு ஒரே எதிரி சாணிக்கறை. இடுப்பில் ஒருமுறை பிடித்தால் மஞ்சளாக உட்கார்ந்துகொள்ளும். விடியற்காலை மூன்றரைக்கு லைட்டைப் போட்டுப் பார்த்தேன். அத்தனை சோளத்தட்டையும் தின்றுவிட்டு, வெறுந்தரையில், தான் போட்டதன் மேலேயே சுகமாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. வெந்நீரும் தேங்காய் நாருமாக நான் குனிந்து தேய்க்க, அரம் போன்ற நாக்கால் என் முழங்கையை அது நக்கிக்கொடுத்தது. அந்த நேரத்தில் எங்கள் இருவரில் யார் யாரைத் தயார் செய்தோம் என்று சொல்வது கடினம்.

ஏற்றிப்போக டாட்டா ஏஸ் வந்தது. ஊரில் அதற்குப் பெயர் குட்டியானை. கிடாரியைக் குட்டியானையில் ஏற்றுவது பற்றி எந்த இலக்கணத்திலும் விதி இல்லை. வண்டியைப் பின்னால் நகர்த்தி மண் மேட்டோடு ஒட்டி நிறுத்தினோம். முன்னால் இழுத்தோம், பின்னால் தள்ளினோம், ஆட்டிய பருத்திக்கொட்டைத் தட்டை மூக்குக்கு நேரே நீட்டினோம். நாற்பது நிமிடம். சரி, வேண்டாம் என்று டிரைவர் பீடி பற்ற வைக்கப் போனபோது, செம்பி தானே ஏறி உள்ளே போய்த் திரும்பி நின்றது.

முகாம் பள்ளிக்கூட மைதானத்தில். இருபதுக்கு மேல் கிடாரிகள். பாதி ஜெர்சி கலப்பு, அவற்றின் பக்கத்தில் செம்பி அத்தை மகள் கல்யாணத்துக்கு வந்த பட்டிக்காட்டுப் பெண் போல இருந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். செம்பியின் கீழுதட்டை விலக்கினார். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. போட்டிக்கு வந்ததைப் பார்க்கலாம். எட்டும் பால் பல். “இன்னும் பல் போடல” என்று குறித்துக்கொண்டார். நெற்றி, முதுகு, குளம்பு, காம்பு எல்லாம் பார்த்தார். அதுவரை செம்பி சிலை. “நடத்திக் காட்டுங்க” என்றார். கயிறு கையில் இருந்தது, அவ்வளவுதான். கூட்டத்தில் அம்மா யாரோ உறம்பரையைப் பார்த்து, “வாங்க, வாங்க” என்றாள். தினமும் தண்ணி காட்டும்போது அம்மா கூப்பிடும் குரல் அதுதான். பந்தல் கயிற்றையும் தாண்டிக்கொண்டு செம்பி போனது. நான் கொஞ்ச தூரம் கூடப் போனேன்.

ஆறுதல் பரிசாக நீலப் பிளாஸ்டிக் பக்கெட் கிடைத்தது.

ஆய்வு இங்கே முடிந்திருக்கும். ஆனால் வண்டிக்குக் காத்திருக்கும்போது ஒரு வியாபாரி வந்தார். செம்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். முதுகில் விரலை ஓட்டிச் சுழி பார்த்தார். வால் குஞ்சத்தின் கருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து அப்பாருவின் கை மேல் போட்டார். “மழை இந்த வருசம் எப்படிங்க?” என்றார். அப்பாரு வானத்தைப் பார்த்தார். துண்டு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அப்பாரு தலையை ஆட்டி மறுத்துவிட்டுக் கையை உருவிக்கொண்டார்.

வண்டியில் வீடு வரும் வரை அவர் சிரித்த முகம் மாறவில்லை. எத்தனை விரல் என்று நானும் கேட்டேன், அம்மாவும் கேட்டாள். “விக்காத மாட்டுக்கு விலை எதுக்கு?” என்றார். செம்பி தொழுவத்தில்தான் இருக்கிறது. பரிசு பக்கெட்டில் தண்ணி காட்டினால் குடிப்பதில்லை. பழைய கல் தொட்டிக்குத்தான் வருகிறது.