நாஞ்சில் நாட்டு மொட்டைமாடியும் தென்வானமும்

கேள்வி: நாகர்கோவிலில் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவருக்குக் கிடைப்பது அதிகமா, இழப்பது அதிகமா?

பதில்: கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு நெற்போகங்களுக்கும் நீர் தரும் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் நாகர்கோவில் அமைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் பெய்வதால், மழைக்காக வானம் பார்க்கும் உழவரும் விண்மீனுக்காக வானம் பார்க்கும் ஆர்வலரும் ஒரே வானத்திடம் எதிரெதிர் வரங்களைக் கேட்க, ஜூன் முதல் டிசம்பர் வரை பெரும்பாலும் உழவரின் வேண்டுதலே பலிக்கிறது, அதுவே நியாயமும் ஆகும். கடற்காற்றின் ஈரத்தால் வில்லைகளில் பூஞ்சை படர்கிறது. துருவ விண்மீனோ அடிவானத்திலிருந்து சுமார் 8 பாகை உயரத்திலேயே நிற்பதால் தென்னைகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது.

ஆனால் வடவானம் தாழ்ந்த அளவுக்குத் தென்வானம் உயர்வதால், வெகுவடக்கே உள்ள கிரீன்விச்சில் ஒருபோதும் உதிக்காத ஒமேகா சென்டாரி, அதாவது ஏறத்தாழ 1 கோடி விண்மீன்கள் தம் ஈர்ப்பால் கோளமாகத் திரண்டு சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் கொத்து, மார்ச் மாதப் பின்னிரவில் இங்கே 30 பாகைக்கு மேல் ஏறி, சிறிய இருகண்ணோக்கியிலேயே பனிப்புகை போலத் தெரிகிறது. நிலவு சூரியனின் நடுவை மட்டும் மறைத்து விளிம்பில் ஒளிவளையம் விடும் கங்கண கிரகணத்தின் பாதையும் 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரி வழியாகவே சென்றது. தென்வானக் காட்சிக்குச் சிறிய இருகண்ணோக்கியே போதும், ஈரமோ வில்லைகளைக் கெடுக்கும்; ஆதலால் புதியவர் விலைகூடிய தொலைநோக்கிக்கு முன்பு நல்ல இருகண்ணோக்கி ஒன்றையும், அதை ஈரத்திலிருந்து காக்கச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் வாங்குவதே தக்கது.