வயலோட்டத்தில் கடைசியாக வருதல்: ஓர் இலக்கண ஆய்வு

சைக்ளோகிராஸ் என்பது புல்வெளி, சேறு, மணல், படிக்கட்டு, கொஞ்சம் தார்ச்சாலை என எல்லாவற்றையும் ஒரே சுற்றுக்குள் அடைத்து, அந்தச் சுற்றையே திரும்பத் திரும்ப ஓட்டவைக்கும் சைக்கிள் பந்தயம். இதன் முதல் தேசியப் போட்டி 1902-ல் பிரான்சில் நடந்தது. 1950 முதல் உலகப் போட்டி நடக்கிறது. இன்று இதற்குத் தாய்வீடு பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி. அங்கே இதை வயலோட்டம் என்று பொருள்படும் டச்சுச் சொல்லால் அழைப்பர். ஒரு சுற்று இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர். முதல்தர ஆடவர் ஓட்டம் சுமார் ஒரு மணி நேரம். முதலாவதாக வருபவர்களைப் பற்றி நூல்கள் உண்டு. உடம்பில் தெம்பில்லாமல் கலந்துகொள்பவருக்கு முறையான இலக்கணம் இல்லை. அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

எழுத்தியல்

பொருளுக்குள் நுழையுமுன் 'சைக்கிள் பந்தயம்' என்ற தொடரின் புணர்ச்சி தீர்க்கப்பட வேண்டும். வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வர ளகரம் டகரமாகும். ஆகவே 'சைக்கிட்பந்தயம்' என்று எழுதுவதே முறை என்பர் ஒரு சாரார். அயற்சொல்லுக்கு அவ்விதி பொருந்தாது என்பர் மறுசாரார். இரு சாராரிலும் எவரும் சைக்கிள் ஓட்டியதாகத் தெரியவில்லை.

ஆளியல்

தெம்பில்லாப் போட்டியாளர் நால்வகைப்படுவர்.

பழம்பெருமையர்: கல்லூரிக் காலத்துத் தொடையை இன்னும் நம்பியிருப்பவர்.

இழுத்துவரப்பட்டவர்: நண்பர் பெயர் கொடுத்துவிட்டார்; நண்பர் வரவில்லை.

புதுவண்டியர்: வண்டி வாங்கியதே பாதிப் பயிற்சி என்று கருதுபவர்.

அட்டவணையர்: பன்னிரண்டு வாரப் பயிற்சித் திட்டத்தை நான்கு வண்ணத்தில் எழுதி, சுவரில் ஒட்டி, அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்.

நிலவியல்

பல நிலம் கலந்த பந்தயத்துக்குத் தமிழில் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. திணைமயக்கம் என்ற சொல் முன்பே இருக்கிறது. எதைக் கண்டாலும் ஐந்திணைக்குள் அடக்கிவிடும் ஆய்வு மரபில் இதுவும் அடங்கும், அடங்காவிட்டால் அடக்கப்படும்.

மணல் நெய்தல். பெல்ஜியக் கடற்கரையில் காக்ஸைடே என்ற ஊரின் மணல்மேடுகளில் 1994-லும் 2012-லும் உலகப் போட்டி நடந்தது. மணலில் உடம்பைப் பின்னே சாய்த்து, முன்னே போனவர் கிழித்த தடத்திலேயே சக்கரத்தை விட்டு, மிதியை நிறுத்தாமல் போக வேண்டும். நிறுத்தினால் முன்சக்கரம் புதையும். இதன் உரிப்பொருள் இரங்கல். இரங்குவோர் வேலிக்கு அப்பால் நிற்பர்.

உழுத வயற்சேறு மருதம். உரிப்பொருள் ஊடல். சேறு பிரேக்கிலும் செயினிலும் அடைந்ததும் வண்டி ஓட்டுபவரின் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொள்ளும்.

மரங்களடர்ந்த பகுதி முல்லை. உரிப்பொருள் இருத்தல்: பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று ஆற்றியிருத்தல்.

ஏற்றம் குறிஞ்சி. ஃபிளாண்டர்ஸில் உள்ள கோப்பன்பெர்க் 600 மீட்டர் நீளமுள்ள கல்பாவிய ஏற்றம். மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு 22 விழுக்காடு. அதை ஒட்டிய மேய்ச்சல் நிலத்திலும் சைக்ளோகிராஸ் நடக்கும். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். அதாவது, முன்சக்கரம் வழுக்கும் கணத்தில் ஓட்டுபவரும் நிலமும் ஒன்றாதல்.

பாலைக்குத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் அதுவே பாலை. தெம்பில்லாதவருக்கு மூன்றாம் சுற்றில் நான்கு நிலமும் ஒருசேரத் திரியும். உரிப்பொருள் பிரிவு. கூட்டம் முன்னே போய்விடும்.

மூச்சியல்

பாதை விரைவில் குறுகிவிடும் என்பதால் தொடக்கத்திலேயே அனைவரும் உயிரைக் கொடுத்து மிதிப்பர். பழகிய உடம்பு அதைத் தாங்கும். பழகாத உடம்பில், ஆக்சிஜனைக் கொண்டு ஆக்கும் ஆற்றல் போதாமல் குளுக்கோஸ் அவசரமாகச் சிதைக்கப்படும், லாக்டேட் சேரும், அமிலத்தன்மை ஏறும், கரியமில வாயுவை வெளியேற்ற மூச்சு வேகமெடுக்கும். எவ்வளவு நீளமான வாக்கியத்தைப் பேச முடிகிறது என்பதை வைத்து உழைப்பின் கடுமையை அளப்பது உடற்பயிற்சித் துறையில் வழக்கம். ஆயினும் அத்துறையினர் யாப்பு அறியார். சரியான அளவை வருமாறு:

முதற்சுற்றில் அடி: "இன்னும் எத்தனை சுற்று பாக்கி?"

இரண்டாம் சுற்றில் சீர்: "எத்தனை?"

மூன்றாம் சுற்றில் அசை: "எத்..."

நான்காம் சுற்றில் ஆய்தம்: "ஃ".

ஆய்தம் குறிலுக்கும் வல்லினத்துக்கும் நடுவே வருவது மரபு. இங்கே அது தனித்து வருகிறது. இதைப் புறனடையாகக் கொள்க. அரை மாத்திரை என்ற அளவும் மீறப்படுகிறது. ஒரு நிமிடம் வரை நீண்டு ஒலித்தலும் உண்டு.

பயிற்சியியல்

இவ்வியலுக்குச் சான்று கிடைக்கவில்லை.

சுமையியல்

பாதையில் 40 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள பலகைத் தடைகள் இருக்கும். வல்லவர் சிலர் வண்டியோடு தாண்டுவர். ஏனையோர் ஓடிக்கொண்டே இறங்கி, வண்டியைக் கையில் தூக்கித் தாண்டி, மறுபடி ஏறுவர். படிக்கட்டும் செங்குத்துச் சேறும் வந்தால் சட்டத்தின் மேல்குழாய் வலத்தோளில் ஏறும்.

வண்டியின் எடை ஏறக்குறைய எட்டுக் கிலோ. சேறு சேரச் சேர அது கூடும். முன்னணி வீரர் வண்டி மாற்றும் இடத்தில் சேற்று வண்டியை விட்டு, கழுவிய வண்டியில் ஏறுவார். விட்டதை உதவியாளர் நீரைப் பீய்ச்சிக் கழுவுவார். தெம்பில்லாதவருக்கு ஒரே வண்டி; உதவியாளர் வறுத்த உருளைக்கிழங்குக் கடையின் வரிசையில் நிற்கிறார்.

இனி இத்துறையின் தலையாய வினா: தோளில் இருக்கும்போது சைக்கிள் வாகனமா? சுமப்பதே வாகனம், ஆகவே அந்நேரத்தில் மனிதன் வாகனம், சைக்கிள் பயணி என்பது முதற்கட்சி. இதை மறுத்த இரண்டாம் கட்சி, திருவிழாவில் கருட வாகனத்தையும் குதிரை வாகனத்தையும் மனிதர்தாமே சுமக்கின்றனர், அதனால் அவை வாகனம் அல்லவென்று யாரும் சொல்வதில்லையே என்று கேட்டது. அப்படியானால் வாகனத்தின் மேல் சாமி இருக்க வேண்டும், சீட்டோ காலியாக இருக்கிறது என்றது மூன்றாம் கட்சி. இதற்கு விடை, முதற்கட்சியாரின் மாணவர் எழுதிய மறுப்புக்கு இரண்டாம் கட்சியாரின் மருமகன் எழுதிய மறுப்பின் அடிக்குறிப்பில், அச்சுப்பிழை திருத்தத்துக்கும் நன்றியுரைக்கும் இடையில் காணப்படுகிறது: சாமி, அதாவது ஓட்டுபவரின் மானம், முந்தின ஏற்றத்திலேயே இறங்கிவிட்டது. அம்மருமகன் பின்னர் இக்கருத்தை மாற்றிக்கொண்டதாகவும், மாற்றிக்கொண்டது வேறொரு மருமகன் என்றும் இருவேறு பாடம் உண்டு. இவர்களுக்காகக் கூட்டப்படும் கருத்தரங்கில் உணவு இடைவேளை பற்றி மட்டும் கருத்து வேறுபாடு எழுவதில்லை.

நான்காம் கட்சியும் உண்டு. சாமி சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளுக்குப் பழகிய தோள் உண்டு, முறை மாற்ற ஆள் உண்டு, நின்று நின்று போக மண்டகப்படி உண்டு. இம்மூன்றும் இல்லாதவர் சுமப்பது வாகனமும் அன்று, பயணியும் அன்று, வினை. இக்கட்சி வலுவுடையது. ஆனால் எளிதில் விளங்கிவிடுவதால் ஆய்வாளரிடையே இதற்கு மதிப்பில்லை.

இறங்கித் தள்ளுதல் இழிவென்பார்க்கு 1910-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் விடையளிக்கும். பைரனீஸ் மலைத்தொடரின் பெரிய கணவாய்கள் அவ்வாண்டே முதன்முறை சேர்க்கப்பட்டன. டூர்மலே கணவாயில் ஆக்தாவ் லப்பீஸ் சற்று மிதித்தும் சற்று இறங்கி நடந்தும் முதலில் உச்சியை அடைந்தார். இறங்காமலே ஏறிய குஸ்தாவ் கரிகூ அவருக்குப் பின்னால்தான் வந்தார். இறங்காததற்காக அவருக்கு 100 பிராங்க் பரிசு கிடைத்தது. பந்தயம் முழுவதையும் வென்றவர் லப்பீஸ். தெம்பில்லாதவர் இச்சான்றை அடிக்கடி எடுத்துக்காட்டுவர். அன்றைய கட்டம் 326 கிலோமீட்டர் என்பதை எடுத்துக்காட்டார். ஓட முடியாதவரை ஏற்றிக்கொள்ளப் பின்னால் வரும் வண்டியும் அதே ஆண்டில்தான் அறிமுகமாயிற்று என்பதை மறந்தும் சொல்லார்.

முந்தப்படலியல்

உலக சைக்கிள் சங்க விதிப்படி நடக்கும் ஓட்டத்தில், முதல்வரின் முதற்சுற்று நேரத்தில் 80 விழுக்காடு அளவுக்குப் பின்தங்கியவர் வெளியேற்றப்படுவார். உள்ளூர் ஓட்டங்கள் பலவற்றில் இக்கடுமை இல்லை. முதல்வர் முடித்துவிட்டால், ஒரு சுற்று பின்தங்கியவருக்கும் அடுத்து முடிவுக்கோட்டைத் தொடும்போது ஓட்டம் முடிந்தது. முதல்வர் ஏழு சுற்று ஓட்டினால் ஒருமுறை முந்தப்பட்டவருக்கு ஆறு, இருமுறையெனில் ஐந்து. தெம்பு குறையக் குறைய வேலையும் குறைகிறது. இத்தகைய கருணை வேறு விளையாட்டில் அரிது.

கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கப்படும். அதற்குப் பின் முதல்வர் நெருங்குவதைத் தெம்பில்லாதவர் திரும்பிப் பார்ப்பார். கோட்டுக்கு நூறு மீட்டர். ஷூ கட்டை குனிந்து பார்ப்பார், கியரை ஆராய்வார், ஓரம் ஒதுங்கி, கைகாட்டி வழிவிடுவார். முதல்வர் முந்திக் கோட்டைக் கடந்ததும் இவரும் கடந்து முடித்துக்கொள்வார். வேலியோரம் மாட்டுமணி ஆட்டும் சிறுவர் இதைப் பெருந்தன்மை என்று கருதுவர். வழிவிடத் தவறிக் கோட்டை முதலில் தொட்டவர் இன்னொரு முழுச் சுற்று ஓட்டியாக வேண்டும். அவர் முகத்தை வர்ணிப்பது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

சாக்கியல்

சாக்கு முக்காலத்துக்கும் உரியது. முன்சாக்கு: "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்." இடைச்சாக்கு செயினின் பெயரால் அமையும், கழன்ற செயினை மாட்ட ஒரு நிமிடம், மாட்டியபின் அதைப் பார்த்துக்கொண்டே நிற்க நான்கு நிமிடம். பின்சாக்கு டயரின் காற்றைப் பற்றியது. சேற்றிலும் மணலிலும் பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைத்து வைப்பர். அதிகம் வைத்தேன் என்றும் சொல்லலாம், குறைவாக வைத்தேன் என்றும் சொல்லலாம், இரண்டும் நம்பப்படும். மூன்று காலத்துச் சாக்கையும் ஒரே இடத்தில் காண விரும்புவோர் ஆய்வேடுகளின் முன்னுரையைப் பார்க்கலாம்.

ஒழிபியல்

எஞ்சியவை: வண்டி கழுவுதல், காதுக்குள் சேறு, மறுநாள் மாடிப்படி. ஏறுவதைவிட இறங்குவதே கடினம். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் வலி அதிகம். பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்குக. வண்டியைத் தோளில் வைக்கத் தேவையில்லை.