கடலுக்கு மதில் கட்டுற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, ஒக்காரு. ஈ.சி.ஆர். ரோட்டுக்குக் கிழக்கால மனை வாங்கிட்டியாம். கடலப் பாத்தாப்புல பத்தடி மதிலு, மேல கண்ணாடிச் சில்லு, மூலைக்கு ஒரு கேமராவாம். இடையஞ்சாவடி பூரா இதே பேச்சு. பேஷா கட்டு. கடலுலேர்ந்து ஏறி எவன் வரான்னு எனக்கும் பாக்க ஆசதான்.

ஆனா கொத்தனாருக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி, மரக்காணம் உப்பளத்தத் தாண்டி, கடப்பாக்கத்துல எறங்கி, ஆலம்பரைக் கோட்டைய ஒரு நடை பாத்துட்டு வந்துடு. உன்னைவிடக் காசுள்ளவங்க கட்டுன மதிலு அது. ஆற்காட்டு நவாப்பு காலத்துல துறைமுகம், நாணயம் அடிக்கிற அக்கசாலைன்னு ஜேஜேன்னு இருந்த எடம். 1750ல, சண்டையில ஒத்தாசை பண்ணதுக்கு இனாமா பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்கு வந்துச்சு. சும்மா வந்த சொத்து, எத்தனை நாளைக்கு? 1760 ஜனவரியில வந்தவாசியில பிரெஞ்சுத் தளபதி லாலி தோத்தான். ஜெயிச்ச இங்கிலீஷ் தளபதி அயர் கூட் கப்பலுக்கா காத்திருந்தான்? தரை வழியா படையோட எறங்கி வந்தான். அந்த வருசமே கோட்டை போச்சு.

புடிச்சவன் வச்சுக்கிட்டானா? இடிச்சுப் போட்டான். அதுக்கும் ஒரு பழங்கணக்கு இருக்கு. 1758ல லாலி கடலூரு பக்கம் இங்கிலீஷ்காரன் செயின்ட் டேவிட் கோட்டைய இடிச்சான். இங்கிலீஷ்காரன் ஆலம்பரைய இடிச்சு, 1761ல புதுச்சேரியப் புடிச்சு அதையும் தரைமட்டமாக்கினான். பங்காளிங்க ஆளுக்கொரு பக்கம் வரப்ப வெட்டிக்கிற மாதிரிதான். ஒரே வித்தியாசம், நெலம் ரெண்டு பேருதும் இல்ல.

மிச்சமிருக்கிற செவுத்தக் கிட்டப் போயி தடவிப் பாரு. உப்புக்காத்து செங்கல்ல அரிச்சுட்டு, நடுவுல சுண்ணாம்புச் சாந்து மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். உன் சிமென்டு கலவைக்கு அந்த ஆயுசு உண்டான்னு கொத்தனாரையே கேளு, மொகத்தப் பாக்க மாட்டான்.

இவனுங்கதான் அந்தக் காலத்து ஆளுங்கன்னு சொல்லுவ. சரி, சிங்கப்பூரு? கடலப் பாத்து பெரிய பெரிய பீரங்கியா நட்டு வச்சிருந்தான் வெள்ளக்காரன். சிலது தரைப்பக்கம் திரும்பும்தான். ஆனா கெடங்குல இருந்த குண்டு முக்காலும் கப்பலத் தொளைக்கிற குண்டு. ஜப்பான்காரன் மலாயாக் காட்டுல சைக்கிள் மிதிச்சுக்கிட்டே வந்து, 1942 பிப்ரவரி 15ல ஊரையே புடிச்சுட்டான்.

மெட்ராசுல கடலோரமாவே கோட்டை இருந்துச்சு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து பர்மா ஆயில் கம்பெனி டாங்கியக் கொளுத்திட்டு, ஒரு கீறல் இல்லாமப் போயிட்டான். 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் வரான்னு ஆபீசெல்லாம் ஊர விட்டுப் போச்சு. மிருகக்காட்சி சாலையில கூண்டுல கெடந்த சிங்கம் புலியெல்லாம் சுட்டுப்புட்டாங்க, தப்பிச்சு ஊருக்குள்ள வந்துடுமாம். ஜப்பான்காரன் கரையேறவே இல்ல.

உனக்கும் வரவேண்டியவன் கிழக்கால வரமாட்டான்டா. தார் ரோட்டுல ஜீப்பு போட்டு, டேப்பு எடுத்துக்கிட்டு மேற்கால வருவான். கடலோரத்துல எது வரைக்கும் கட்டலாம், எது வரைக்கும் கூடாதுன்னு 1991லயே சட்டம் போட்டாச்சு. அதனால கேமராவ ரோட்டுப் பக்கம் திருப்பி வை. அதுக்கும் முன்னாடி, பத்திரத்த எடுத்துக்கிட்டு தாலுக்கா ஆபீசுக்குப் போயி, அந்தக் கோடு உன் மனையில எங்க ஓடுதுன்னு கேட்டுட்டு வா.